இரவுக் காவல் நாய்க்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு?

கேள்வி: செங்குன்றம் பக்கம் குடோன் வைத்திருக்கிறேன். காவலுக்கு இரண்டு ராஜபாளையம் நாய்கள், ஒவ்வொன்றும் 25 கிலோ. இரவு 10 மணிக்கு அவிழ்த்துவிட்டு, காலை 5 மணிக்குக் கட்டுகிறோம். வாட்ச்மேன் 9.30-க்கு வயிறு முட்டச் சோறு போடுகிறார். ஊரில் அந்தக் காலத்தில் முயல் வேட்டைக்குப் போன பெரியவர்களோ, "நாயைப் பட்டினி போட்டாத்தான் வேலை செய்யும்" என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். முக்கியமான சாப்பாட்டைக் காலையில், வேலை முடிந்தபின் போடுங்கள். மிச்சத்தை மாலை 4 மணிக்குள் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு காவல் முடியும்வரை தண்ணீர் மட்டும்.

முதலில் அந்த 9.30 மணிச் சோற்றை இன்றிரவே நிறுத்துங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாளுக்கு ஒரே வேளை பெரிய சாப்பாடு, அவசர அவசரமாக விழுங்குவது, தின்ற கையோடு ஓடுவது எல்லாமே அந்த ஆபத்தைக் கூட்டும் என்று கருதப்படுகிறது. உங்கள் குடோனில் இந்த மூன்றும் ஒன்றாக நடக்கின்றன.

அறிகுறிகளை வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாய் நிலைகொள்ளாமல் நடக்கும், வாந்தி எடுக்க முக்கும், ஆனால் நுரையும் எச்சிலும்தான் வரும். விலாவுக்குப் பின்னால் வயிறு உப்பியிருக்கும். விரலால் தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும். ஈறு வெளுக்கும். இதைப் பார்த்தால் ஜெலுசில், சோடா, எண்ணெய் என்று எதையும் வாயில் ஊற்றக்கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், அறுவை சிகிச்சைதான் வழி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்துத் தனியார் மருத்துவமனையோ, நள்ளிரவில் அறுவை செய்ய எங்கே மருத்துவர் இருப்பார் என்று பகலிலேயே விசாரித்து, அந்த எண்ணை வாட்ச்மேன் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இனி பட்டினி விஷயம். முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். ஆனால் பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நெடுநேரம் ஓடியாடும் நாயின் உடம்பு பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் சக்தி எடுக்கிறது. சோறு தின்றதும் இரத்தத்தில் இன்சுலின் ஏறும். அது இறங்கும்வரை சேமித்த கொழுப்பு சரியாக வெளியே வராது. செரிமானமே உடம்புச் சூட்டையும் கூட்டும். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் நாக்கு ஈரம் சீக்கிரம் ஆவியாகாது என்பதால், மே மாத இரவில் வயிறு நிறைந்த நாய் அரை மணியிலேயே சுருண்டு படுத்துவிடும். ஆக, வேலை நேரத்தில் வயிறு காலியாக இருப்பது நல்லதுதான்.

வயிறு காலியாக இருப்பது வேறு, நாய் பட்டினி கிடப்பது வேறு. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த நாய் பின்னிரவில் தளரும், எரிச்சல்படும். இன்னொன்று, பசித்த காவல் நாய் மதில்மேல் இருந்து யார் எதை எறிந்தாலும் தின்னும். விஷம் தடவிய கறித்துண்டு அப்படித்தான் உள்ளே போகிறது. நேரத்துக்குத் தின்று, தன் தட்டில் தன் ஆள் வைத்ததை மட்டுமே தொடப் பழகிய நாயை அப்படி ஏமாற்றுவது கடினம்.

அளவுக்கு வருவோம். 25 கிலோ எடையுள்ள, இரவெல்லாம் சுற்றிவரும் நாய்க்கு நாளுக்குச் சுமார் 1,400 கலோரி வேண்டும். கடையில் வாங்கும் உலர்தீனி என்றால் ஏறக்குறைய 380 முதல் 400 கிராம். பாக்கெட்டில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாடு என்றால் வெந்த சோறு அரைக்கிலோ, எலும்பில்லாத வேகவைத்த கோழி 250 கிராம், அவித்த முட்டை 2, ஒரு கைப்பிடி பூசணி அல்லது கேரட், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். உப்பு வேண்டாம். இதில் கால்சியம் போதாது. எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலையில், ஒரு பங்கு மாலையில்.

காலை 5 மணிக்குக் கட்டியவுடன் தட்டை நீட்டாதீர்கள். ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, கால் மணி விட்டு இன்னொரு குவளை. மூச்சிரைப்பு அடங்கி, வாய் மூடி அமைதியாகப் படுத்தபின், அதாவது 6 மணி வாக்கில், சாப்பாடு. இரண்டு நாய்களையும் எதிரெதிரே வைத்துத் தீனி போட்டால் போட்டிக்கு விழுங்கும்; ஒன்றையொன்று பார்க்காதபடி தனித்தனியாகப் போடுங்கள். தட்டு அகலமாக இருக்கட்டும், சோறு பரவிக் கிடந்தால் வேகம் குறையும். இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குடோனில் சிந்திக் கிடக்கும் சோறு எலியையும் பெருச்சாளியையும் அழைத்துவரும். அவற்றின் சிறுநீர் வழியாக நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றும். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

மாலைப் பங்கு தின்றபின் இரண்டு மணி நேரம் நாயைக் கட்டியே வையுங்கள். 9.30-க்குச் சோற்றுக்குப் பதிலாகக் கால் மணி நடை: மலஜலம் கழிந்தால் வேலையில் கவனம் இருக்கும். இரவு முழுக்க இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள், ஓடிவந்த நாய் ஒரே மூச்சில் வாளியைக் காலிசெய்ய விடாமல். நாய் மெலிந்ததாக இருந்தால் நள்ளிரவு 1 மணி ஓய்வில் ஒரு அவித்த முட்டை கொடுக்கலாம், அதற்குமேல் எதுவும் வேண்டாம். ஓட்டலில் மிஞ்சிய பிரியாணியும் பரோட்டா சால்னாவும் கண்டிப்பாகக் கூடாது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். இன்றிரவுச் சோற்றை மட்டும் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மாலையிலும் மறு பாதியை விடிந்தபின்னும் கொடுங்கள். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலைப் பங்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். குடோனில் எடை மேடை இருக்குமே, ஞாயிறுதோறும் நாயை அதில் ஏற்றி எழுதி வையுங்கள். ராஜபாளையத்துக்குக் கடைசி இரண்டு விலா லேசாகத் தெரிவது இயல்பு. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்தினால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், கையால் தடவி விலா தட்டுப்படாவிட்டால் அதே அளவு குறையுங்கள். காவல் இல்லாத விடுமுறை நாளிலும் சாப்பாட்டு நேரம் மாறக்கூடாது. அளவை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும்.