வராத கேஸ் பணத்துக்கு மூணு வட்டி

கேள்வி: ஐயா, நாங்கள் தங்கச்சிமடம் பக்கம். என் கணவருக்கு 38 வயது, விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். போன வருடம் உச்சிப்புளி அருகே பைக்கில் வரும்போது எதிரே வந்த கார் மோதி வலது கால் முறிந்துவிட்டது. மதுரையில் இரண்டு ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பில் 1.9 லட்சம். எட்டு மாதம் வீட்டிலேயே இருந்தார். இன்னும் முட்டி முழுசாக மடங்கவில்லை. டாக்டர் 40 சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ராமநாதபுரம் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி லோக் அதாலத்தில் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) 8 லட்சம் தருகிறோம் என்கிறது. எங்களை வக்கீலிடம் கூட்டிப்போன ஏஜென்ட், "பொறுத்தால் 25 லட்சம், அதில் எனக்கு 30 சதவீதம்" என்கிறார். கேஸ் பணத்தை நம்பி இதுவரை 4 லட்சம் மூணு வட்டிக்கு வாங்கிவிட்டோம். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை, வீட்டுக்கு ஒன்று, நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒன்றரை. இப்போது கணவரின் அண்ணன் தன் வல்லத்துக்கு (நாட்டுப்படகு) இன்ஜின் வாங்க 3 லட்சம் கேட்கிறார். "கேஸ் பணம் வந்ததும் கழித்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வட்டிக்கு வாங்கிக் கொடு" என்கிறார். பணம் வந்தால் யூலிப் என்ற இன்சூரன்ஸ் பாலிசியில் போடச் சொல்லி உறவுக்காரத் தம்பி ஒருவர் வேறு வந்து போகிறார். மகளுக்கென்று எட்டுப் பவுன் நகை வைத்திருக்கிறேன். எங்கள் கேஸ் உண்மையில் எவ்வளவு பெறும்? 8 லட்சத்துக்குச் சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: கேஸ் எவ்வளவு பெறும் என்பதற்கு வருகிறேன் அம்மா. முதலில் அந்த மூணு வட்டியைப் பார்த்துவிடுவோம்.

4 லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 12,000 ரூபாய், வருடத்துக்கு 1,44,000. கேஸ் பணத்துக்கும் வட்டி உண்டு. நம் பக்கத்துத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகின்றன, மனு போட்ட நாளிலிருந்து. தீர்ப்பு 12 லட்சம் என்றே வையுங்கள். அதற்கு மாதம் 7,500. அதாவது வராத 12 லட்சம் மாதம் 7,500 சம்பாதிக்கிறது, வாங்கிய 4 லட்சம் மாதம் 12,000 தின்கிறது. அண்ணனுக்கு இன்னும் 3 லட்சம் வாங்கிக் கொடுத்தால் வட்டி மட்டும் மாதம் 21,000. கேஸ் இன்னும் இரண்டு வருடம் இழுத்தால் அதுவே 5 லட்சத்தைத் தாண்டும். வட்டியை மாதாமாதம் கட்டுகிறீர்களா, அசலில் ஏற்றுகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்றுகிறார்கள் என்றால் நான் சொன்ன கணக்கு குறைச்சல்.

இதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. வட்டி கழுத்தைப் பிடிக்கும்போது யாரும் பேரம் பேச முடியாது. எதிர்த்தரப்புக்கு உங்கள் வீட்டுக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, வாய்தாவுக்கு வாய்தா "எப்பங்க முடியும்?" என்று நீங்கள் கேட்பதே போதும். 8 லட்சம் என்றதும் உங்களுக்குக் கை நீளுகிறது என்றால் அதற்குக் காரணம் காலில் வைத்த பிளேட் இல்லை, இந்தக் கடன்.

சரி, இப்போது கேஸ். ஆறு மாதக் கெடுவுக்குள் மனு போட்டாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அப்படி ஒரு கெடு உண்டு.

காயத்துக்கான நஷ்டஈட்டை யாரும் மனதில் தோன்றியபடி சொல்வதில்லை. வருமானம், வயது, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது, இந்த மூன்றையும் பெருக்குவார்கள். வயதுக்கு ஒரு பெருக்கல் எண் உண்டு. 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட அட்டவணைப்படி 36 முதல் 40 வயதுக்கு அது 15. சொந்தத் தொழில், கூலி வேலை செய்கிறவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால், எதிர்காலத்தில் கூடக்கூடிய வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள். இது 2017-ல் பிரணய் சேத்தி தீர்ப்பில் உறுதியானது.

வருமானம்தான் உங்களுக்குச் சிக்கலான இடம். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கம்பெனி வக்கீல் இதை எடுத்துத்தான் "இவருக்கு வருடம் முழுக்க வேலையே இல்லை" என்று வாதாடுவார். நீங்களே கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் 12 தடவை, தடவைக்குப் பங்கு சராசரியாக 1,500 என்றால் 18,000. பத்து மாதத்துக்கு 1.8 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000. நியாயமான எண்தான், ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டும். படகு முதலாளியின் கணக்கு நோட்டு, அவர் கூண்டில் ஏறிச் சொல்லும் சாட்சி, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம், மீனவர் நல வாரிய அட்டை, தடைக்கால நிவாரணமும் சேமிப்பு நிவாரணத் திட்டப் பணமும் வரவான வங்கிப் பாஸ்புக். இதெல்லாம் இல்லாமல் போனால் நீதிபதி ஒரு உத்தேச வருமானத்தை எடுப்பார். அது உங்களுக்கு ஒத்து வரலாம், வராமலும் போகலாம்.

15,000 கிடைத்தது என்றே வைப்போம். 40 சதவீதம் சேர்த்து 21,000. வருடத்துக்கு 2,52,000. பதினைந்தால் பெருக்கினால் 37.8 லட்சம். பார்த்ததும் மலைத்துவிடாதீர்கள், இதில் ஒரு பங்குதான் உங்களுக்கு.

அந்தப் பங்கு என்ன என்பதில்தான் 40 சதவீதச் சான்றிதழ் பலரை ஏமாற்றுகிறது. ஒரு காலில் 40 என்றால் முழு உடம்புக்கு 40 ஆகாது, குறைத்துத்தான் எடுப்பார்கள். அதே சமயம் உடம்பில் போனது வேறு, பிழைப்பில் போனது வேறு. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இடது கை போன தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பு கிட்டத்தட்ட முழுசாகப் போகலாம். அதே கை போன அரசாங்க குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலே இருக்கலாம். ஆடுகிற படகில், ஈரத் தளத்தில், முட்டியை மடக்கி ஊன்றி வலை இழுக்கிறவருக்கு மடங்காத முட்டி என்றால் என்ன என்று கடற்கரைக்காரருக்கு விளக்க வேண்டாம். கோர்ட்டுக்கு விளக்கத்தான் வேண்டும். டாக்டர் சாட்சி சொல்லும்போது "நடப்பார், மாடி ஏறுவார்" என்பதோடு நிறுத்தாமல் இதை வக்கீல் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவ வாரியத்துக்கு அனுப்பினால் அங்கேயும் என்ன தொழில் என்பதைச் சொல்லுங்கள்.

20 சதவீதம் என்று எடுத்தால் 7.56 லட்சம், 30 என்றால் 11.34 லட்சம். இதோடு பில் 1.9, வேலைக்குப் போகாத எட்டு மாதத்துக்கு 1.2, வலி வேதனை, கூட இருந்து பார்த்தவர், போக்குவரத்து, சத்துணவு என்று ஒரு ஒன்றரை. இந்த வகையில் சுமார் 4.6 லட்சம். ஆக 12 முதல் 16 லட்சம். ஹெல்மெட் போடவில்லை, குறுக்கே திரும்பினார் என்று ஏதாவது நிரூபித்தால் 15, 20 சதவீதம் கழிப்பார்கள். அப்போது 10 முதல் 13 லட்சம். வருமானத்தை 12,000 என்றும் திறன் இழப்பை 15 சதவீதம் என்றும் இறக்கினால் 9 லட்சத்துக்குப் பக்கம் வரும். கம்பெனி சொல்லும் 8 லட்சம் அதற்கும் கொஞ்சம் கீழே.

ஏஜென்ட் சொல்லும் 25 லட்சம்? அது வர வேண்டுமானால் சம்பாதிக்கும் திறனில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று கோர்ட் ஏற்க வேண்டும். கடல் தொழிலாளிக்கு அப்படி வாதாட முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக அவர் படகு முதலாளியிடம் போனாரா, சாட்சிக்கு யாரையாவது கூப்பிட்டாரா என்று கேளுங்கள். எண்ணைப் பெரிதாகச் சொல்வது அவருக்கு இலவசம். 12 லட்சத்தில் 30 சதவீதம் என்றால் 3.6 லட்சம், ஆஸ்பத்திரி பில்லைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வழக்கின் வெற்றியில் பங்கு பேசிக் கட்டணம் வாங்க பார் கவுன்சில் விதி வக்கீலுக்கே இடம் தரவில்லை, ஏஜென்ட்டுக்கு எங்கே இருந்து வந்தது இடம்? வக்கீலை நேரில் பார்த்து அவருடைய கட்டணத்தை மட்டும் பேசி எழுதி வாங்குங்கள். ஒத்து வரவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

லோக் அதாலத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே முடிந்தால் முடிந்ததுதான், கம்பெனி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அப்பீல் போக முடியாது; நீங்களும் போக முடியாது, அதை மறக்க வேண்டாம். 8 லட்சம் என்பது வட்டியும் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலில் கேளுங்கள். அநேகமாகச் சேர்த்துத்தான் இருக்கும். வட்டியும் சேர்த்து 11, 12 லட்சத்துக்கு வந்தால் நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்குக் கீழே என்றால் சாட்சியை முடித்துவிட்டுப் பேசலாம். காத்திருக்கத் தெம்பு இருந்தால்.

அந்தத் தெம்புக்கு நகையைத் தொட வேண்டும். மகளுக்கென்று வைத்தது, புரிகிறது. விற்கச் சொல்லவில்லை. கூட்டுறவு வங்கியிலோ தேசியமய வங்கியிலோ அடகு வையுங்கள். இன்றைய விலைக்கு எட்டுப் பவுனுக்கு 4 லட்சம் கிடைக்கும். வட்டி வருடத்துக்கு 9, 10 சதவீதம் என்றால் 40,000 ரூபாய்க்குள். மூணு வட்டிக்காரருக்குப் போகும் 1.44 லட்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். பீரோவுக்குள் இருக்கும் நகைக்காக வருடத்துக்கு ஒரு லட்சம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கடனை அடைக்கும்போது கையெழுத்துப் போட்ட புரோநோட்டு, வெற்றுச் செக் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிட்டு வாருங்கள். "அப்புறம் தர்றேன்" என்றால் பணமும் அப்புறம் என்று சொல்லுங்கள். அதிக வட்டி வசூலுக்கு எதிராக 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு அதைத் தூக்கிக்கொண்டு போக மனம் வராது என்பதும் தெரியும். இருந்தாலும் மிரட்டல் வந்தால் தயங்க வேண்டாம்.

கணவரின் அண்ணன் விஷயம். கல்யாணத்துக்குக் கொடுத்த ஒன்றரை லட்சத்தையே நான் கேட்கவில்லை, அது போனது போனதுதான். ஆனால் இன்ஜினுக்கு 3 லட்சம், அதுவும் நீங்கள் வட்டிக்கு வாங்கி? அவர் தொழிலுக்கு நீங்கள் எதற்குக் கடனாளி ஆக வேண்டும்? நாட்டுப்படகு இன்ஜினுக்கு மீன்வளத் துறையில் மானியம் கேட்டுப் பார்க்கட்டும். மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு தருகிறார்கள். மறுப்பு உங்கள் வாயிலிருந்து வந்தால் குடும்பத்தில் நீங்கள்தான் கெட்டவர் ஆவீர்கள், கணவரே சொல்லட்டும். "பணம் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது, என் கையில் இல்லை" என்ற ஒரு வரி போதும், அது உண்மையும்கூட.

பணம் வந்த பிறகும் இந்த வரிசை நிற்காது. அதனால் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி, கணிசமான பகுதியை வங்கி வைப்பில் போடும்படி தீர்ப்பாயத்தில் கேளுங்கள். விபத்து நஷ்டஈட்டுக்கென்றே மாதாமாதம் அசலும் வட்டியுமாகத் திருப்பித் தரும் வைப்புத் திட்டம் வங்கிகளில் இருக்கிறது. 8 லட்சத்தைப் பத்து வருடத்துக்குப் போட்டால், 6.5 சதவீத வட்டிக்கு மாதம் 9,000 ரூபாய் சுமாராக வரும். அசல் கரைய வேண்டாம் என்றால் அஞ்சலக மாத வருமானத் திட்டம். லட்சத்துக்கு மாதம் 600 ரூபாய் சொச்சம். இந்த இரண்டில் உங்கள் வீட்டுக்கு முதலாவதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன், கணவர் வேறு வேலைக்குப் பழகும் வரை.

யூலிப் பற்றி ஒரு பத்தி எழுதவே சோம்பலாக இருக்கிறது. மாதம் பிரீமியம் கட்ட வருமானம் இல்லாத வீட்டுக்கு ஐந்து வருடம் பூட்டு போட்ட, சந்தையோடு ஏறி இறங்கும் பாலிசி எதற்கு? தம்பிக்குக் கமிஷன் எவ்வளவு என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நஷ்டஈடு இப்போது நேரே காயம்பட்டவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். "கேஸுக்குத் தேவை" என்று சொல்லி உங்கள் கணவரின் பாஸ்புக்கையோ ஏடிஎம் கார்டையோ அந்த ஏஜென்ட் வாங்கி வைத்திருந்தால், இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள். தரவில்லை என்றால் வங்கியில் கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள்.