எஸ்.இ.ஓ. தொழிலுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்?

கூகுள் போன்ற தேடுபொறிகளில் ஒரு இணையதளம் மேலே தெரியும்படி அதைச் சீர்செய்யும் வேலைதான் எஸ்.இ.ஓ. பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும், தேடி வருபவருக்குச் சரியான பதில் கிடைக்க வேண்டும் என்று உழைப்பது நேர்மையான வேலை. அதில் எந்தத் தவறும் இல்லை.

சிக்கல் இணைப்புகளில் (லிங்க்) தொடங்குகிறது. மற்ற தளங்கள் தரும் இணைப்பை கூகுள் ஆரம்பத்திலிருந்தே ஒரு ஓட்டு மாதிரி எண்ணி வருகிறது. தேர்தலில் ஓட்டுக்குக் காசு கொடுப்பது போல, இங்கும் காசுக்கு இணைப்பு வாங்க ஆள் வந்துவிட்டார்கள்.

அமெரிக்கக் கடைத்தொடரான ஜே.சி.பென்னி, உடை முதல் படுக்கை விரிப்பு வரை பல தேடல்களில் முதலிடத்தில் இருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் இருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. கூகுள் அதைக் கீழே தள்ளியது. தனக்குத் தெரியாது என்ற நிறுவனம், தன் எஸ்.இ.ஓ. ஆலோசகரை நீக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் பார்ப்பவருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக 2006-ல் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கியிருந்தது.

என் பார்வையில் பெரிய அநியாயம் இதுதான்: எஸ்.இ.ஓ. ஆளுக்குக் காசு கொடுப்பவருக்கு உள்ளே நடக்கும் வேலை கண்ணில் படாது, தண்டனை மட்டும் அவர் தளத்தின் மேல் விழும். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும், சிறு கடைக்காரர் என்ன செய்வார்?

“நல்ல எஸ்.இ.ஓ. ஆள் என்றால் முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவார்” என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.