லிஸ்பன் பற்றிக் கேளுங்கள்: ஒரு கட்டடப் பொறியாளரின் பதில்கள்

வேலைக்காக முதலில் லிஸ்பன் போனவன், பிறகு அந்த ஊருக்காகவே திரும்பத் திரும்பப் போனேன். தொழில் கட்டடப் பொறியியல். தெரு, சுவர், அஸ்திவாரம், பழைய நூல் இவற்றைப் பற்றிக் கேட்டால் நீளமாகப் பதில் வரும். விசா, வேலைவாய்ப்பு, விமானக் கட்டணம் இவற்றுக்கு நான் சரியான ஆள் இல்லை.

ஊர்சுற்றி, கோவை: ஸ்பெயின் போகிற வழியில் லிஸ்பனுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம் சார். போதுமா?

போதாது. மூன்று நாளாவது வேண்டும். ஒரு நாள்தான் என்றால் ஆற்றோரப் பகுதியான பெலேம், பக்கத்து ஊரான சிந்த்ரா இரண்டையும் விட்டுவிடுங்கள். காலையில் பாய்ஷா, மாலையில் அல்ஃபாமா, அவ்வளவுதான். பாய்ஷா 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டிய நகர மையம். அல்ஃபாமா அதற்கு முந்தைய லிஸ்பனின் மிச்சம். நேர்க்கோட்டுத் தெருவில் நடந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் அந்தச் சந்துகளுக்குள் ஏறினால் ஊருக்கு என்ன நடந்தது என்பது தானே விளங்கும்.

இன்னொன்று, ஷூ. நடைபாதை முழுக்கக் கையால் பதித்த சிறு சுண்ணாம்புக் கற்கள், நடுநடுவே கறுப்புப் பசால்ட். நூறாண்டுக் கால்கள் தேய்த்து வழுவழுப்பாக்கிய கல் அது. ஒரு தூறல் விழுந்தால் இறக்கத்தில் கால் நிற்காது. நல்ல பிடிப்புள்ள ரப்பர் அடிப்பாகம் அவசியம்.

சைவப் பயணி, மயிலாப்பூர்: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடமாட்டோம். சமாளிக்க முடியுமா?

முடியும், கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். எல்லாச் சின்ன உணவகத்திலும் காய்கறி சூப் உண்டு. 'கால்டோ வெர்டே' என்ற கீரை சூப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். டீக்கடை அலமாரியில் 'ஷமுசா' என்ற பெயரில் நம் சமோசாவே இருக்கும், கோவா வழியாகப் போனது. உள்ளே பெரும்பாலும் இறைச்சி, கேட்காமல் கடிக்காதீர்கள். பெயர்பெற்ற கஸ்டர்டு கேக்கில் முட்டை மஞ்சள்கருதான் பிரதானம். லுமியார் பகுதியில் ராதாகிருஷ்ணன் கோயில் இருக்கிறது. மொசாம்பிக்கிலிருந்து வந்து குடியேறிய குஜராத்திகள் நடத்துவது, சைவச் சாப்பாட்டுக்கூடமும் உண்டு.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி கொண்டுவந்து வைப்பார்கள். அதன் பெயர் 'குவேர்'. தொட்டால் காசு. தொடாவிட்டால் காசு வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். வேண்டாம் என்றால் அப்போதே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

செங்கல், திருச்சி: நான் சிவில் மாணவன். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களை உலகில் முதலில் லிஸ்பனில் கட்டினார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். உண்மையா அண்ணா?

'உலகில் முதலில்' என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஒரு தலைநகரின் மையத்தையே ஒரே திட்டத்தில், நிலநடுக்கத்தை மனதில் வைத்துக் கட்டியது அங்கேதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலைப் பூசைக்கு ஆலயங்கள் நிரம்பியிருந்த நேரம், மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. பூமி ஆடியது. தப்பியவர்கள் ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடினார்கள். அங்கே ஆழிப்பேரலை வந்தது. மிஞ்சியதை நாள்கணக்கில் எரிந்த தீ தின்றது. அரண்மனை நூலகம் போனது. அந்த ஆண்டுதான் திறந்த ஓபரா அரங்கும் போனது. அரசர் முதலாம் ஜோசே அதற்குப் பிறகு கல் கூரைக்குக் கீழே தூங்கப் பயந்து, அஜுடா மேட்டில் மரத்தாலான குடியிருப்பில் வாழ்ந்தார்.

அவருடைய அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், ஊரைப் பொறியாளர்களிடம் கொடுத்தார். மானுவல் டா மாயா, யுஜேனியோ டோஸ் சான்டோஸ், கார்லோஸ் மார்டெல் ஆகியோர் போட்டதுதான் இன்றைய பாய்ஷா. அவர்கள் கையாண்ட முறைக்கு 'கயோலா', அதாவது கூண்டு, என்று பெயர். சுவருக்குள்ளே ஒரு மரச்சட்டகம் நிற்கும். செங்குத்துக் கட்டைகள், கிடைக் கட்டைகள், ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறிபோல இரண்டு மூலைவிட்டங்கள். இடைவெளியை உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு நிரப்பிப் பூசிவிடுவார்கள். கல் சுவருக்கு அழுத்தம் தாங்கத் தெரியும், இழுவிசை தாங்காது. ஆடும்போது இழுவிசையை மரம் வாங்கிக்கொள்ளும், வளையும், ஆனால் கூண்டு கலையாது. மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களைத் தரை அதிர நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்பது லிஸ்பனில் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

உள்ளே இருப்பதை எங்கே பார்ப்பது? ருவா டோஸ் கொரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் அகழாய்வு இடம் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு செய்துகொள். கீழே ரோமானியர் மீன் உப்பிட்ட தொட்டிகள். அவற்றின் பக்கத்திலேயே ஈரமண்ணில் அறைந்த பைன் கழிகளின் தலைகள் கறுத்துத் தெரியும். பாய்ஷா நிற்பது அந்தக் கழிகளின் மேல்தான். நிலத்தடி நீரில் முழுகியே கிடப்பதால் மரம் மக்கவில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கிவிடும்.

பிறகு ஏதாவது ஒரு மேட்டில் ஏறிக் கூரைகளைப் பார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் ஓட்டுக்கு மேலே தலைநீட்டும். அது தீத்தடுப்புச் சுவர். ஒரு வீடு எரிந்தால் அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது என்பதற்காக.

எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. பின்னால் வந்தவர்கள் கூடுதல் மாடி ஏற்றினார்கள். கடைக்கு அகலம் வேண்டுமென்று தரைத்தளச் சுவர்களை உடைத்தார்கள். குழாய் போடச் சட்டங்களை வெட்டினார்கள். கூண்டில் நாலு கம்பியை வெட்டினால் அது கூண்டாக இருக்காது. அடுத்த பெரிய அதிர்ச்சியை எந்தக் கட்டடம் தாங்கும் என்பதை வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

மஞ்சள் டிராம், சேலம்: 28ஆம் எண் டிராமில் போவது எப்படி?

மார்ட்டிம் மொனீஸில் புறப்பட்டு கிராசா, அல்ஃபாமா, பாய்ஷா வழியாக காம்போ டி ஓரீக் போகிறது. காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், இல்லாவிட்டால் காம்போ டி ஓரீக் முனையில் ஏறுங்கள். வண்டியில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் விலை அதிகம். மெட்ரோ நிலையத்தில் 24 மணி நேரச் சீட்டு வாங்கினால் மெட்ரோ, பேருந்து, டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும். பிக்பாக்கெட் அடிப்பவர்களுக்கும் இந்த டிராம்தான் பிடித்தமானது. பர்ஸ் பின்பாக்கெட்டில் இருக்கவே கூடாது.

கனவு ஐரோப்பா, ஓசூர்: போர்ச்சுகலில் குடியுரிமை வாங்க எவ்வளவு முதலீடு வேண்டும்?

தூதரகத்தைக் கேளுங்கள். முகவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

முத்துநகர், தூத்துக்குடி: தமிழின் முதல் அச்சுநூல் லிஸ்பனில் அச்சானது என்கிறார்கள். நான் படித்தது 1578, கொல்லம், தம்பிரான் வணக்கம். எது சரி ஐயா?

இரண்டும் சரி. 1554இல் லிஸ்பனில் 'கார்ட்டில்யா' என்ற சிறு கிறிஸ்தவ ஞானோபதேச நூல் அச்சானது. மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் வரியை ஒட்டியே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியம், கறுப்பும் சிவப்புமாக அச்சு. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம், அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் செய்தது, 16 பக்கம். அதன் பிரதி ஹார்வர்டில் இருக்கிறது.

ஏடும் எழுத்தும், தஞ்சாவூர்: கடுமையாக மறுக்கிறேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாத நூலைத் தமிழ் நூல் என்பது எப்படி? போர்த்துகீசியப் பாதிரிகள் தங்கள் வசதிக்குப் போட்ட பாடப்புத்தகம் அது.

பாதிரிகளின் வசதிக்குத்தான் போட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தது யார் என்று பாருங்கள். விசென்ட் டி நாசரே, ஜார்ஜ் கார்வால்யோ, தோமா டா குரூஸ் என்று மூன்று பேரை நூல் சொல்கிறது. பெயர் போர்த்துகீசியம், ஆட்கள் லிஸ்பன் போய்ச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் தேஜோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து, தன் தாய்மொழியை அன்னிய எழுத்தில் ஒலி ஒலியாகப் பிரித்துக் கொடுத்த மூன்று பேரின் உழைப்பை 'தமிழ் இல்லை' என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏடும் எழுத்தும்: உணர்ச்சி வேறு, நூலியல் வேறு. இப்படிப் பார்த்தால் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தில் அடிப்பதெல்லாம் தமிழ் இலக்கியம் ஆகிவிடும்.

இலக்கியம் என்று நான் சொல்லவில்லை. மொழி என்றேன். எழுத்து மாறலாம், வாக்கியம் தமிழாக இருந்தால் அது தமிழ்தான். வட்டெழுத்தில் வெட்டிய கல்வெட்டை இன்று நம்மில் எத்தனை பேரால் படிக்க முடியும்? அதைத் தமிழ்க் கல்வெட்டு இல்லை என்பீர்களா?

கொல்லம் பக்கம், நாகர்கோவில்: இடையில் வருகிறேன். 1578க்கு முன்பே கோவாவில் தமிழ் எழுத்து வார்த்தார்களே?

ஆமாம், நல்லதை நினைவூட்டினீர்கள். தம்பிரான் வணக்கத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எழுத்து வகைகளின் மாதிரியும் இருக்கும்: 1577இல் கோவாவில் செய்தது, 1578இல் கொல்லத்தில் செய்தது. முதல் வார்ப்பில் திருப்தி இல்லாமல் மறுபடி செய்திருக்கிறார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன். அந்தத் தமிழ் அச்சுக்குப் பணம் கொடுத்தவர்களில் முத்துக்குளித்துறைப் பரதவர் முக்கியமானவர்கள். முத்துநகர்க்காரருக்கு அது பெருமை.

ஏடும் எழுத்தும்: வட்டெழுத்து நம் எழுத்து. ஒப்புமை பொருந்தாது. லிஸ்பன் நூலை 'ரோமன் எழுத்தில் அச்சான முதல் தமிழ் நூல்' என்று சொல்லுங்கள், சண்டை இல்லை.

அப்படியே சொல்கிறேன். அதோடு 'தமிழ் எழுத்தில் முதலாவது 1578' என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவர்களோடுதான் என் சண்டை.

முத்துநகர்: கார்ட்டில்யாவை லிஸ்பனில் நேரில் பார்க்கலாமா?

பிரதி இருப்பது பெலேமில் ஜெரோனிமோஸ் மடாலயத்தின் ஒரு பகுதியில் இயங்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். 2022இல் புனரமைப்புக்காக மூடினார்கள். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். ஆய்வாளர் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஜன்னலோரம், ஈரோடு: டிராம் 28 பற்றிச் சொல்லுங்களேன்.

மேலே சொல்லியிருக்கிறேன்.

கொச்சிக்கடை, கொழும்பு: அண்ணா, நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில வளர்ந்தனான். அவர் லிஸ்பனில பிறந்தவர் எண்டு சொல்லுகினம். உண்மைதானோ?

உண்மை. பதுவை அந்தோனியார் 1195 வாக்கில் பிறந்தது லிஸ்பனில். 1231இல் இறந்த இடம்தான் பதுவை. லிஸ்பன்காரரிடம் 'பதுவை' என்று சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார். பேராலயத்துக்குச் சற்றுக் கீழே அவர் பெயரில் சிறு கோயில் இருக்கிறது. 1755க்குப் பிறகு மீண்டும் கட்டியது. உள்ளே பக்கவாட்டுப் படியில் இறங்கினால் பிறந்த இடமாகப் போற்றும் நிலவறை.

முடிந்தால் ஜூன் 12, 13இல் போங்கள். அல்ஃபாமா சந்தெல்லாம் மத்தி மீன் சுடுகிற புகை. 'மஞ்சரிக்கோ' என்ற சின்ன இலைத் துளசியைத் தொட்டியில் வைத்து விற்பார்கள், காகிதப் பூவும் நாலு வரிக் காதல் கவிதையும் செருகியிருக்கும். அதை மூக்கால் முகரக் கூடாது, வாடிவிடும் என்பார்கள். உள்ளங்கையால் இலையை மெல்லத் தடவிவிட்டுக் கையைத்தான் முகர வேண்டும். அங்கே அவர் கல்யாணம் கூட்டிவைக்கிற புனிதர். நகராட்சியே அவர் பெயரில் பல ஜோடிகளுக்குத் திருமணம் நடத்துகிறது.

மலபார் மழை, கோழிக்கோடு: வாஸ்கோ ட காமா கல்லறை முன் நின்றபோது என்ன தோன்றியது?

கோபம் வந்தது. 1524இல் கொச்சியில் இறந்தவர், அங்கேயே புதைத்து 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெரோனிமோஸ் ஆலயத்துக்கு மாற்றினார்கள். கல்லில் கயிறும் கப்பலும் செதுக்கிய வேலை அவ்வளவு அழகு. ஆனால் 1502இல் மெக்கா போய்த் திரும்பிய பயணிகளின் கப்பலை ஆட்களோடு எரித்தவர் அதே மனிதர். சிற்பிக்குத் தலை வணங்கினேன், அவருக்கு இல்லை.

பயணத்தோழி, மதுரை: சாய்வு ரயில் குளோரியாவில் ஏற ஆசை.

2025 செப்டம்பர் 3இல் அது தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள். போகும்முன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியானாலும் பிதுங்கி வழிந்தால் ஏறாதீர்கள், அடுத்ததில் போங்கள்.

குட்டிப் பயணி, திருப்பூர்: குழந்தைகளோடு 28 டிராமில் போகலாமா?

கூட்டத்தில் வேண்டாம். 24ஆம் எண்ணிலும் அதே பழைய மஞ்சள் வண்டிதான் ஓடுகிறது. டிராம் கேள்வி இத்துடன் போதும் நண்பர்களே. இவ்வளவு பேர் கேட்கிறீர்கள், கார்மோ மடத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை. 1755இல் கூரை விழுந்த கோதிக் ஆலயத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். வளைவுகள் மட்டும் நிற்க, மேலே வானம். 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் சரணடைந்ததும் அதே சதுக்கத்துப் படைமுகாமில்தான்.

இரவுப்பாட்டு, புதுச்சேரி: லிஸ்பனின் ஃபாடோ பாட்டை எங்கே கேட்பது?

அல்ஃபாமாவில் சின்ன இடமாகப் பாருங்கள். விளக்கைக் குறைத்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும், முள்கரண்டிச் சத்தம்கூடக் கூடாது. மேசையில் வைக்கிற ரொட்டியை மறக்காதீர்கள், குவேர்.

அம்மாவுடன், கும்பகோணம்: அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. ஏழு குன்று ஊர் என்கிறார்கள். கூட்டிப்போகத் தயக்கமாக இருக்கிறது.

தாராளமாகக் கூட்டிப்போங்கள். பாய்ஷாவில் ருவா டோஸ் ஃபன்கெய்ரோஸ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் பொது லிஃப்ட் இருக்கிறது, இலவசம். மேலே இறங்கிக் கொஞ்சதூரம் நடந்தால் ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் அடுத்த லிஃப்ட். அதில் ஏறினால் கோட்டைக்குப் பாதிக்கு மேல் வந்துவிடுவீர்கள். கோட்டை வாசல்வரை போக 737ஆம் எண் சிறு பேருந்து பிரஸா டா ஃபிகெய்ராவிலிருந்து வருகிறது. மறுநாள் காயிஸ் டோ சொட்ரேயில் படகேறிக் கசில்யாஸ் போய் வாருங்கள். ஏறவே வேண்டாம், ஆற்றின் நடுவிலிருந்து ஊர் முழுதும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ இங்கேயே வாங்கி, ஒரு வாரமாவது போட்டு நடக்கவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.