பச்சைன்னு எழுதினால் 15 லட்சமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் ‘பசுமை வில்லா’ என்று விற்கிறார்கள். அதே அளவுள்ள சாதாரண வீட்டைவிட 15 லட்சம் கூடுதல். சோலார், மழைநீர் சேகரிப்பு, பூங்கா எல்லாம் உண்டாம், கரன்ட் பில்லே வராதாம். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும், 1,200 ரூபாய் வரை வரும். வீட்டுக்காரருக்கு சேலம் ஜங்ஷன் பக்கம் வேலை, வில்லாவிலிருந்து 14 கிலோமீட்டர். வாங்கலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வாங்குறதும் விடுறதும் அப்புறம். முதலில் அந்த 15 லட்சத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம்மா.

மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அதை ‘வசதி’ என்று நோட்டீஸில் போடுவது, வீட்டுக்குக் கதவு வைத்திருக்கிறோம் என்று போடுகிற மாதிரி. பூங்காவும் அப்படித்தான். பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீத இடத்தைப் பொதுவுக்கு விட்டே ஆகணும், அது பில்டர் தன் கையிலிருந்து கொடுக்கிற சீர்வரிசை இல்லை. மிச்சம் சோலார். உங்கள் 400 யூனிட்டுக்கு 2 கிலோவாட் தாராளம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும், 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் 480 யூனிட். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு 60,000 ரூபாய் மானியம் இருக்கிறது (3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000). நீங்களே இப்போது இருக்கிற வீட்டு மாடியில், 200 சதுர அடி நிழல் விழாத இடம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம், அதற்கு வில்லா எதற்கு?

இப்போது வட்டிக்கணக்கு. 15 லட்சத்தை 8.5 சதவீதத்தில் 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 13,000. மிச்சமாகிற கரன்ட் பில் மாதம் 600. அந்த 600ம் நிற்காது, ஏனென்றால் வீட்டுக்காரர் தினமும் 28 கிலோமீட்டர் வண்டி ஓட்டணும், லிட்டருக்கு 45 கொடுக்கிற பைக் என்றாலும் மாதம் 15 லிட்டர் பெட்ரோல் போய்விடும். மாடியில் சூரியனைப் பிடித்து ரோட்டில் புகையாக விடுகிற கதை. பசுமைக் குடியிருப்பு என்று பேசுகிறவர்கள் யாருமே இந்த பஸ் ஸ்டாப் தூரத்தை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார்கள், எனக்கு இதில் ரொம்ப நாளாகவே கடுப்பு.

அப்போ பசுமை வீடே ஏமாற்றா என்றால், இல்லை. நம் ஊரில் ஏப்ரல், மே வந்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டைக் குறைக்கிற வீடு காசுக்குத் தகுந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் வரைபடத்திலேயே முடிந்துவிடும். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்காமல் அங்கே குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூமைத் தள்ளுவது, சன்ஷேடை முக்கால் அடியோடு நிறுத்தாமல் இரண்டடி இழுப்பது, எதிரெதிர் ஜன்னல், தளத்துக்கு மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ். குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர் போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சொல்லிக் கொடுத்த ‘எலிப்பொறிக் கட்டு’ என்கிற முறையில் செங்கல்லை நிற்க வைத்துக் கட்டுவார்கள், நடுவில் காற்று இடைவெளி வரும், சூடும் உள்ளே சீக்கிரம் இறங்காது, செங்கலும் கால்வாசி மிச்சம். இது செலவு வைக்கிற பசுமை இல்லை, செலவைக் குறைக்கிற பசுமை. (சேலத்தில் இந்தக் கட்டு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. நான் கேட்ட ஒரு மேஸ்திரி, “செங்கல் வாங்கக் காசில்லையாங்க?” என்றார்.)

அதனால் மத்தியான வெயிலில், இரண்டு மூன்று மணிக்கு அந்த வில்லாவைப் போய்ப் பாருங்கள், ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டு மாடி அறையில் அரை மணி உட்காருங்கள். மாடல் வீட்டைக் காலையில்தான் காட்டுவேன் என்று அவர்கள் அடம்பிடித்தால் பதில் கிடைத்துவிட்டது. அப்புறம், அந்த நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு, மனை வாங்குகிறவர்களைப் பாதுகாக்கிற ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, விளம்பரத்தில் பொய் சொல்லி அதை நம்பி நீங்கள் பணம் கட்டியிருந்தால் இழப்பீடு கேட்கலாம், வேண்டாம் என்றால் போட்ட பணத்தை வட்டியோடு திரும்பவும் கேட்கலாம். என்னைக் கேட்டால், கூடுதல் மூன்று நான்கு லட்சம் என்றால் யோசிக்கலாம். 15 அதிகம்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் 40 வீடு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒரே நாற்றம். கரன்ட் செலவு என்று சங்கத்தில் பாதி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். பேசாமல் மூடிவிட்டு லாரியில் எடுக்கச் சொல்லலாமா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: நிறுத்தி வைப்பதால்தான் சார் நாறுகிறது. அதில் வேலை செய்வது மெஷின் இல்லை, கிருமிகள். காற்று ஊதுகிற புளோயரை நிறுத்தினால் அவை செத்துவிடும், செத்த தொட்டி சாக்கடைதான். மாதம் சில ஆயிரம் கரன்டை மிச்சம் பிடிக்கப்போய் மொத்தத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

லாரிக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது பொதுவான அளவு. 40 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 21,600 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும், கிட்டத்தட்ட 17,000 லிட்டர். தினமும் லாரி வரணும், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பார்க்காமல். இன்னொன்று, அந்த 135ல் 45 லிட்டர் கழிப்பறையில் ஊற்றத்தான் போகிறது. சுத்திகரித்த தண்ணீரை அதற்குத் திருப்பினால் தினமும் 7,200 லிட்டர் நல்ல தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இதற்குத் தனிக் குழாய் வேண்டும், கட்டும்போதே போட்டிருந்தால் ஆச்சு, போடவில்லை என்றால் செடிக்கு மட்டும் விடுங்கள், சுவரை உடைக்கிற வேலையில் இறங்காதீர்கள். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கும்போது இந்த நிலையத்தின் அருமை தெரியும். என் வீட்டில் ஆயிரம் அடி தோண்டியும் புழுதிதான் பறந்தது, அதனால் சொல்கிறேன்.

கேள்வி: ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்டத்தைப் பிரித்து விற்றதில் 10 சென்ட் வாங்கினோம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத வீடு கட்ட ஆசை. என்ன கவனிக்கணும்?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: வீடே கட்டாமல் வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் அங்கே முதல் தரமான பசுமை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டியே தீரணும் என்றால், ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறது, வழக்கமான பிளான் அனுமதி மட்டும் போதாது, வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் பார்க்கணும். மனை விற்றவர் “அதெல்லாம் பார்த்துக்கலாங்க” என்று சொல்லியிருந்தால் யார் பார்ப்பது என்று எழுதி வாங்குங்கள்.

சரிவை ஜேசிபி வைத்துச் சமமாக்குவதுதான் பெரிய பாவம். வெட்டின மண் மழையில் கீழே இறங்கும், தடுப்புச் சுவர் எழுப்பணும், அதில் நீர் வடிய ஓட்டை விடாவிட்டால் சுவரும் இறங்கும். அந்தச் செலவுக்குத் தூண் எழுப்பிச் சரிவிலேயே வீட்டை நிறுத்திவிடலாம். சில்வர் ஓக்கை வெட்டினால் பரவாயில்லையா என்று அடுத்து கேட்பீர்கள். ஆஸ்திரேலியா மரம்தான், காப்பிக்கு நிழலுக்காக நட்டது. இருந்தாலும் அதன் வேர்தான் இப்போது உங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் செப்டிக் டேங்க். கீழே ஊற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன, அடிப்பக்கம் கான்கிரீட் போடாத தொட்டி வைத்தால் அவர்களுக்குப் போய்ச் சேரும். நாங்கள் கீழே இருக்கிறோம் என்று சேலத்துக்காரர்களும் நிம்மதியாக இருக்க முடியாது, சேர்வராயன் மலைத் தண்ணீர் இறங்கித்தான் மூக்கனேரியே நிறைகிறது.

கேள்வி: சாம்பல் கல்லில் வீடு கட்டினால் தாங்குமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: தாங்கும். மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கிறது, வயல் மண்ணைத் தோண்டிச் சூளை போட வேண்டியதுமில்லை. ஆனால் கல்லுக்குக் கல் தரம் மாறும். இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்கணும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள், காலையில் ஓரம் உதிர்ந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.