கரடியை மீனுண்ணி எனலாமா?

கரடி ஆற்றில் மீன் பிடித்துத் தின்கிறதே, கட்டுரையில் அதை மீனுண்ணி என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. கரடி பழம், கிழங்கு, தேன், பூச்சி எல்லாம் தின்னும், அது அனைத்துண்ணி. மீனே முதன்மை உணவாக இருந்தால்தான் மீனுண்ணி. நீர்க்காகத்தைப் பாருங்கள்: அலகு நுனி கொக்கிபோல் வளைந்திருப்பதால் வழுக்கும் மீன்கூட நழுவாது. பிடித்ததைத் தலைப்பக்கமாகத் திருப்பித்தான் விழுங்கும்; அப்போதுதான் துடுப்பு முள் மடங்கி, தொண்டையில் குத்தாது. என்ன அருமையான ஏற்பாடு! நீர்நாய் நண்டு, தவளையும் தின்னும். ஆனாலும் பெரும்பங்கு மீன்தான், அதனால் பொருந்தும். அப்புறம், சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். ‘மீன் உண்ணி’ என்று பிரித்தால் மாட்டில் ஒட்டும் உண்ணிதான் நினைவுக்கு வரும்.