ஹெல்த் செக்கில் எதைக் கேட்பது? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கொக்குவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்களுக்கு ஆசனம் பதியும் தளம் எங்களுடையது. பயணிக்குப் போகும் குறுந்தகவல்கள் அஷூர் சேர்விஸ் பஸ் என்ற மைக்ரோசொஃப்ட் சேவையின் கியூ (செய்திகள் காத்திருக்கும் வரிசை) வழியாகப் போகின்றன. எங்கள் புரோகிராம்களை ஓட்டிக் கண்காணிக்கும் குபர்நெட்டிஸின் லைவ்னஸ் (உயிரோடு இருக்கிறதா என்ற) சோதனையில் கியூவிலிருந்து ஒரு செய்தியை எடுத்துப் பார்க்க வைத்திருந்தோம். போன கிழமை இணைப்பு சிறிது நேரம் விடுபட, எல்லாப் பொட்களும் (புரோகிராம் ஓடும் அலகுகள்) திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. இணைப்பு வந்த பிறகும் உடனே எழும்பவில்லை. சோதனையை ரெடினஸுக்கு (வேலைக்குத் தயாரா என்று பார்க்கும் சோதனைக்கு) மாற்றினால் போதுமா?

வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

போதாது. புரோகிராம் சிக்கிப்போய் நிற்கிறதா என்பதை மட்டும்தான் லைவ்னஸ் கேட்க வேண்டும். கியூவுக்கான இணைப்பு அறுந்ததற்குப் பொட்டைக் கொன்று என்ன பயன்? மாற்றாமல் விட்டால் 10 விநாடிக்கு ஒருதரம் சோதித்து, தொடர்ந்து 3 தரம் தவறினால் குபர்நெட்டிஸ் ரீஸ்டார்ட் செய்யும். அடுத்தடுத்த ரீஸ்டார்ட்டுக்கு முன் காத்திருக்கும் நேரம் இரட்டித்து இரட்டித்து 5 நிமிடம் வரை போகும். உங்கள் பொட்கள் பிந்தி எழும்பியது அதனால்தான். செய்தி எடுக்கும் லூப் ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைக் குறித்து வைக்கட்டும். கியூ வெறுமையாக இருந்தாலும், இணைப்பு கிடைக்காமல் மறுபடி முயன்றாலும் குறிக்க வேண்டும். லைவ்னஸ் அந்த நேரத்தைப் பார்த்தால் போதும்.

ரீஸ்டார்ட்டை விட எனக்குப் பயம் தருவது, சோதனைக்காகச் செய்தியை எடுப்பது. எடுத்த செய்தி வேறு யாரும் எடுக்காதபடி சிறிது நேரம் பூட்டப்படும். எடுத்து முடிக்காமல் விட்ட செய்தி, பூட்டு விலகியதும் கியூவுக்குத் திரும்பும். எடுத்த கணக்கு மட்டும் ஒன்று கூடியிருக்கும். வழக்கமான எல்லை 10. அதை எட்டினால் செய்தி டெட் லெட்டர் கியூவுக்கு (கையாள முடியாத செய்திகளை ஒதுக்கி வைக்கும் வரிசைக்கு) போய்விடும். ஒரு பயணியின் ஆசன விபரம் சோதனையாலேயே தொலையும். இன்றைக்கே அந்த டெட் லெட்டர் கியூவைத் திறந்து பாருங்கள். இனிமேல் பீக் செய்யுங்கள், அதாவது எடுக்காமல் எட்டிப் பாருங்கள்: செய்தி பூட்டப்படாது, கணக்கும் கூடாது, கியூவைப் படிக்கும் 'லிஸன்' அனுமதியே போதும். செய்தி கியூவுக்குள் வந்த நேரமும் அதில் தெரியும். முன்னால் நிற்கும் செய்தி 5 நிமிடத்துக்கு மேல் கிடந்தால் உங்கள் தொலைபேசிக்கு எச்சரிக்கை வரட்டும். இணைப்பு நன்றாக இருந்தும் குறுந்தகவல் போகாத நாளில் இதுதான் காட்டிக்கொடுக்கும்.

ரெடினஸ் தவறினால் வெளியிலிருந்து வரும் கோரிக்கைகள்தான் நிற்கும். உங்கள் பொட் தானே போய்ச் செய்தி எடுக்கிறது. அதை ரெடினஸ் தடுக்காது. ஆனாலும் பீக் சோதனையை அங்கே வையுங்கள். புதுப் பதிப்பு பிழையான கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கோடு (கியூவோடு இணைவதற்கான விபரத்தோடு) போனால் அது ரெடினஸ் தேறாது. பொட்களைச் சிறிது சிறிதாக மாற்றும் வழக்கமான ரோலிங் அப்டேட்டில் பழைய பொட்கள் அதுவரை வேலை செய்துகொண்டிருக்கும்.