அப்பாவின் பழைய தமிழ்க் கோப்புகள் எழுத்து கலைந்து தெரிகின்றன: மீட்க முடியுமா?

கேள்வி: என் அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2002 முதல் 2009 வரை எங்கள் ஊர்க் கோயில், ஏரிப் பாசனம், நடவுப் பாட்டு என்று பலவற்றைப் பற்றி வீட்டுக் கணினியில் தானே தட்டச்சு செய்து வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. அவருடைய சிடிக்களில் இருந்த வேர்டு கோப்புகளைப் புது லேப்டாப்பில் திறந்தால் சிலவற்றில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், சிலவற்றில் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். கடையில் காட்டினேன். "ஃபைல் கெட்டுப்போச்சு, பிரிண்ட் இருந்தா திரும்ப டைப் பண்ணித் தரோம்" என்றார்கள். பிரிண்ட் இல்லை. மீட்க வழி உண்டா? புத்தகமாகப் போடவும் ஆசை.

பதில்: வழி உண்டு. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் கோப்புகள் கெடவில்லை. அப்பா தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அதில் அப்படியே இருக்கிறது. அதை வரைந்து காட்டுகிற எழுத்துரு மட்டும் உங்கள் லேப்டாப்பில் இல்லை. அதனால் யாரிடமும் கொடுத்துத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

எதையும் திறப்பதற்கு முன் ஒரு வேலை. சிடிக்களில் உள்ள எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் நகல் எடுங்கள், அதன் இன்னொரு நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். வீட்டில் எழுதிய சிடிக்கள் காலப்போக்கில் படிக்க முடியாமல் போகும். இருபது வருட சிடி இன்று திறப்பதே நல்ல விஷயம். அதன் பிறகு எந்த வேலையாக இருந்தாலும் நகலின் நகலில் மட்டும் செய்யுங்கள். கலைந்து தெரியும் கோப்பை "சேவ்" செய்யவே கூடாது. குறிப்பாக வெறும் டெக்ஸ்ட் கோப்புகளை போனில் உள்ள எடிட்டர்களில் திறக்காதீர்கள். அவை கோப்பை யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான இன்றைய எழுத்து எண் முறை) என்று நினைத்துப் படிக்கும், புரியாத எழுத்து வந்த இடத்திலெல்லாம் கருப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி போட்ட ஒரே குறியை வைக்கும். அந்த நிலையில் சேமித்துவிட்டால்தான் கோப்பு உண்மையிலேயே போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது.

இனி, ஏன் இப்படி ஆனது என்று கொஞ்சம் சொல்கிறேன். இது புரிந்தால் மீதி வேலை தானாக விளங்கும். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. அந்தக் காலத்து எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்கள்தான். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் சாதாரண மனிதர் வாங்கிய கணினிக்கு அது வந்து சேர நாளானது. விண்டோஸ் 2000-ல்தான் தமிழ் உள்ளேயே வந்தது. எக்ஸ்பியிலும் செட்டிங்ஸில் போய் அதை இயக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவரை எழுத்துரு செய்தவர்கள் ஒரு மாற்று வழி வைத்திருந்தார்கள்: ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைப்பது.

பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கை பழகியவர்களுக்கு ஏற்ற எழுத்துரு அது. ஆங்கில "ஜே" விசையில் த, "கே"யில் ம, "பி"யில் இகரக் கொக்கி, "ஓ"வில் ழ, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி. அப்பா "தமிழ்" என்று தட்டியபோது கோப்பில் சேர்ந்தவை 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். பாமினி இருந்த கணினி அவற்றைத் "தமிழ்" என்று காட்டியது. பாமினி இல்லாத உங்கள் லேப்டாப் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று காட்டுகிறது. யூனிகோடில் த-வின் எண் 2980. அது உலகத்தில் எந்தக் கருவியில் திறந்தாலும் த-தான். ஆக, மீட்பு என்பது பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணை வைப்பது, அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பழைய அட்டவணைகளில் உங்களுடையது எது என்று தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. வேர்டில் கலைந்த எழுத்தின் மேல் கிளிக் செய்து, மேலே எழுத்துரு பெயர் வரும் கட்டத்தைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் இருக்கும். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் திறந்தால், இல்லாத எழுத்துருவின் பெயரைச் சாய்ந்த எழுத்தில் காட்டும். பிடிஎஃப் என்றால் அதன் பிராப்பர்டீஸில் ஃபாண்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கில எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

பெயர் கிடைக்கவில்லை என்றாலும் கலைந்த எழுத்தே காட்டிக்கொடுக்கும். முழுக்க ஆங்கில எழுத்தாகவும், சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி தெறித்துக் கிடப்பதாகவும் இருந்தால் பாமினி அல்லது அதன் உறவு. இலங்கைத் தமிழர்களிடமும் புலம்பெயர்ந்தவர்களிடமும் இது மிகப் பரவலாக இருந்தது. ஆங்கில எழுத்தும் ஐரோப்பிய எழுத்தும் கலந்து வந்தால் வானவில் என்ற எழுத்துருவாக இருக்கலாம். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் அதிகம் புழங்கியது அது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய எழுத்துகள் மட்டும், ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஒழுங்காகப் படிக்க முடிகிறது என்றால் அது டிஸ்கி அல்லது டாப் என்ற எழுத்து எண் முறை. இரண்டும் ஆங்கிலப் பாதியைத் தொடாமல் மேல் பாதியில் மட்டும் தமிழை வைத்தவை. டிஸ்கி தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கியது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்கள் பல அதில் வந்தன. டாப், 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்தது. உங்கள் அப்பாவின் கோப்புகள் இரண்டு விதமாகத் தெரிவதால், இடையில் அவர் எழுத்துருவை மாற்றியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரே கோப்பில் தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று என்றுகூட இருக்கும், பாருங்கள்.

பெயர் தெரிந்ததும் நேராக மாற்றியில் (பழைய எழுத்தை யூனிகோடாக்கும் கருவியில்) போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன், அந்தப் பழைய எழுத்துருவைத் தேடி லேப்டாப்பில் நிறுவுங்கள். அப்பாவின் பழைய கணினி இன்னும் ஓடினால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரை அப்படியே நகல் எடுங்கள். சிடிக்களிலும் எழுத்துரு இருக்கலாம், அந்தக் காலத்தில் பலர் கோப்போடு சேர்த்தே வைப்பார்கள். நிறுவியதும் கோப்பு தமிழாகவே திறக்கும். உடனே அதை பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அப்பா திரையில் பார்த்த அதே பக்கம் அது. பிறகு பிழை திருத்தும்போது சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல மூலம் கிடைக்காது. பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அப்புறம் ஒரு ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ சரியா தவறா என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி இருக்கிறதே, அதை நிறுத்துங்கள். பாமினியில் சின்ன "கே" என்றால் ம, பெரிய "கே" என்றால் மு. நீங்கள் எதையாவது திருத்தப் போனால் "மரம்" சத்தமில்லாமல் "முரம்" ஆகிவிடும்.

மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்த நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர். இணையத்தில் ஒட்டி மாற்ற, சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றி. லினக்ஸ் பயன்படுத்துபவர் வீட்டில் இருந்தால், டிஸ்கி கோப்புகளை அதன் ஐகான்வ் கட்டளையே யூனிகோடாக்கும். முதலில் ஒரே ஒரு பத்தியை ஒட்டிப் பாருங்கள். அட்டவணை சரியென்றால் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழ் வரும், தவறென்றால் வாயில் நுழையாத எழுத்துக் குவியல் வரும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் பெரும்பாலும் வராது என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கோப்பில் ஆங்கிலமும் கலந்திருந்தால் கவனம். பாமினிக் கோப்பில் டைம்ஸ் நியூ ரோமனில் ஒரு புத்தகப் பெயர் இருந்தால், முழுக் கோப்பையும் மாற்றியில் போடும்போது அதுவும் "தமிழாகி"விடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டு, அந்த எழுத்துருவில் உள்ளதை எல்லாம் ஒரே நேரத்தில் தேர்வு செய்யலாம். அப்படி ஆங்கிலப் பகுதிகளைத் தேர்ந்து முதலிலேயே ஒரு நிறம் கொடுத்துவிட்டால், மாற்றிய பிறகு பழைய கோப்பைப் பார்த்து எந்தெந்த இடத்தைச் சரி செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பது சுலபம்.

இப்போது பிழை திருத்தம். உங்கள் நேரத்தில் பெரும் பங்கு இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும்.

பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. "கொ" என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. மாற்றிகள் இந்த இடமாற்றத்தை நன்றாகவே செய்கின்றன. அவை தடுமாறுவது ஔகாரத்தில். கொம்பு, க, ள என்று பழைய கோப்பில் இருந்தால் அது கௌ-வா, கெள-வா? கோப்பைப் பார்த்து இயந்திரத்தால் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் அதே மூன்று விசைகள்தான். அதனால் கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் ஒற்றைக் கொம்பும் தனி ள-வுமாக வந்து உட்காரும். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது. ஒற்றைக் கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால் தெளிவும் வெள்ளியும் வெளியூரும் நாசமாகும். ள-வின் மேல் புள்ளியோ, அதோடு வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ள என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கால். தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்கள் ர் என்பதற்குக் காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைப்பார்கள், ரி-க்கும் அதே வழிதான். காகிதத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்ததால் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. உங்கள் அப்பாவும் தட்டச்சுப் பொறியில் பழகியவர் என்றால் இது பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். சில மாற்றிகள் சரி செய்துவிடும், சில விட்டுவிடும். இங்கே ஒரு நல்ல விஷயம்: தமிழில் காலுக்கு மேல் புள்ளியோ, காலுக்குப் பின் இகரக் குறியோ வரவே வராது. ஆகவே "ா்" என்பதை "ர்" என்றும், "ாி" என்பதை "ரி" என்றும், "ாீ" என்பதை "ரீ" என்றும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்.

இவை முடிந்த பிறகு வாணி போன்ற எழுத்துப் பிழை திருத்தியில் ஒருமுறை ஓட்டுங்கள். ஆனால் அது காட்டும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டாம். நடவுப் பாட்டில் வரும் பேச்சுச் சொற்களையும் ஊர் வழக்கையும் அது பிழையென்றே சொல்லும். அப்பா கேட்டு எழுதியது எதுவோ அதுதான் சரி. அந்தப் பாட்டுகளை நீங்களே உட்கார்ந்து, முன்பு எடுத்த பிடிஎஃபோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு எங்கும் எழுத்தில் இல்லாத வரிகளாக அவை இருக்கக்கூடும்.

புத்தகத்துக்கு யூனிகோட் கோப்பையே மூலப் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சகம் தன் பழைய எழுத்துருவில் கேட்டால் அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் திருத்தங்களை எல்லாம் உங்கள் யூனிகோட் கோப்பிலும் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் இறுதி வடிவம் மறுபடியும் பழைய எழுத்துருவில் போய் மாட்டிக்கொள்ளும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவரிடம், பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் தேர்வாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் விழும்.

சிடிக்களில் வேர்டு தவிர பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளும் இருந்தால் அவற்றுக்கு வேறு வழி. பேஜ்மேக்கர் 2001-ல் வந்த 7-ம் பதிப்போடு நின்றுவிட்டது, யூனிகோட் தெரியாது. இன்டிசைனின் சிஎஸ்6 வரையான பதிப்புகள் அதன் கோப்புகளைத் திறக்கும், புதியவை திறக்காது. லிப்ரே ஆஃபிஸில் உள்ள டிரா என்ற வரைபட மென்பொருளிலும் திறந்து பார்க்கலாம். பக்க அமைப்பு சிதறினாலும் உரை கிடைத்தால் நமக்குப் போதும். இரண்டிலும் வரவில்லை என்றால், உங்கள் ஊரில் பல வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் விசாரியுங்கள். பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் தட்டச்சு செய்யச் சொல்லாமல், உரையை மட்டும் ஆர்டிஎஃப் (வேர்டில் திறக்கக்கூடிய வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து, பயன்படுத்திய எழுத்துருவையும் சேர்த்து பென்டிரைவில் கேளுங்கள்.